மூடி போட்ட கேமராவில் விழுந்த புள்ளிகள்

இருட்டில் எடுத்த படத்தை லேப்டாப்பில் போட்டு, மூக்கு ஒட்டும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "போச்சுக்கா, ஒரே நாய்ஸ்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளே, வந்து உட்காருங்கள். தொழிற்சாலைகளுக்குள் படமெடுத்தே சோறு தின்றவள் நான். போன வருடம் கேமராப் பையை ஆணியில் மாட்டிவிட்டேன். இப்போது எனக்கு நேரம் கிடக்கிறது. நீங்கள் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பாடம் எடுக்கப் போவதில்லை. வெளிச்சம் போதாத இடத்தில் கேமரா தடுமாறும். படம் முழுக்க ரவை தூவினாற்போல் பொரிப்பொரியாக நிற்கும். பழைய கேமராவில் அதிகம், புதியதில் குறைவு. இவ்வளவுதான் நாய்ஸ். இதற்காக நீங்கள் வருடத்துக்கு ஒரு கேமரா மாற்றுகிறீர்கள். மாற்றுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாய்ஸ் பார்க்கிற வேலையை நானும் ரசூல் பாயும் ஒரு மதியம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் செய்தோம். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சாப்பாடு இறங்காது.

ரசூல் பாய் பழவேற்காட்டுக்காரர். வீட்டில் எல்லாரும் ஜவுளி வியாபாரம். இவர் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாகச் சுற்றி, கடைசியில் கம்பெனி வேலைக்கு வந்தார். நான் ஆரணி. பட்டுப் புடவை ஆரணி இல்லை, பொன்னேரிப் பக்கத்து ஆரணி. எங்களுக்கு நெல்லு வயல். இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலை எடுப்போம், சேர்ந்துதான் சண்டை போடுவோம். சண்டை எப்போதும் ஒன்றுதான். அவருடைய கேமரா அவர் மகளுக்குக் காது குத்தியபோது வாங்கியது. அந்த மகளுக்கே இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. கேமராவை மட்டும் விடமாட்டார்.

"உன் புது கேமரால எடுத்தா மனுசன் மூஞ்சி மெழுகு பொம்ம மாறி கீதும்மா. நாய்ஸத் தொடைக்கறேன்னு சொல்லி தோலையே தொடச்சிடுது" என்பார்.

"உங்க கேமரால எடுத்தா மனுசனே தெரியல பாய். ரவா உப்புமாதான் தெரியுது" என்பேன்.

அன்றைக்கு வேலை ஒரு பெரிய ஃபேப்ரிகேஷன் கம்பெனியில். ரசாயனம் சேமிக்கிற ராட்சசத் தொட்டிகளைச் செய்கிறவர்கள். தொட்டியின் உள்பக்கம் பெயிண்ட் அடித்து முடித்ததும், வாங்குகிறவர்களுக்கு அனுப்பப் படம் வேண்டும். பெயிண்ட் ஷெட்டில் தின்னர் ஆவி நிற்கும் என்பதால் ஃபிளாஷ் போடக் கூடாது, செல்போன்கூடக் கொண்டுபோகக் கூடாது. தூசி வராமல் சுற்றிலும் தார்ப்பாய் வேறு. பட்டப்பகலில் உள்ளே இருட்டு. ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஷெட்டின் ஒரு பக்கம் தகரச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் திறந்த முற்றத்தில் குழாய்களை வெல்டிங் செய்வார்கள். வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வெளியிலிருந்து இரண்டு பேர் வருவார்கள்; எக்ஸ்ரே பார்ட்டி என்று சொல்வது வழக்கம். மிளகு அளவில் ஒரு கதிர்வீச்சுப் பொருளைக் கனமான பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவருவார்கள். கம்பியில் கொக்கி போட்டுக் கோத்து, ஓஸ் என்கிற வளையும் குழாய் வழியாக வெளியே தள்ளி, வெல்டிங்கின் மேல் காட்டிவிட்டு, தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றித் திரும்பப் பெட்டிக்குள் இழுத்துக்கொள்வார்கள். வெளியே இருக்கும் நேரத்தில் கிட்டே யாரும் போகக் கூடாது. உள்ளே திரும்பிவிட்டதா என்று கதிர் அளக்கிற மீட்டரில் பார்த்த பிறகுதான் ஆட்களை விட வேண்டும். காலையில் நாங்கள் போனபோது மஞ்சள் கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் வேலையை முடித்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அவர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

எங்களுக்குச் சாப்பாட்டு நேரம்தான் தோது. யாரும் நடக்க மாட்டார்கள், ஸ்டாண்ட் ஆடாது. பெயிண்ட் அடிக்கிற பெண்கள் தகரச் சுவரை ஒட்டி ஒரு பெரிய ஃபேனைப் போட்டுக்கொண்டு வட்டமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். தேசம்மா என்கிற பெண்தான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரி, வாய் ஓயாது. அவளுடைய வீட்டுக்காரர் எல்லையா அதே கம்பெனியில் ஃபிட்டர்.

பாய் அன்றைக்கு முடிவு கட்டியே ஆகவேண்டும் என்று வந்திருந்தார். இரண்டு கேமராவையும் தொட்டியின் வாயருகே ஒட்டி ஒட்டி நிறுத்தினோம். ஒரே அளவு, ஒரே நேரம். முதல் படம் எதிர்பார்த்தது போலவே வந்தது. அவருடையதில் ரவை, என்னுடையதில் வழவழப்பு. நான் சும்மா சிரித்தேன்.

"ஒரு படத்துல இன்னா தெரியும். இன்னொண்ணு எடு" என்றார்.

இரண்டாவதில் அவர் கேமராவில் ரவையோடு வேறு ஏதோ இருந்தது. கூர்மையான வெள்ளைப் புள்ளிகள், நடுநடுவே சின்னச் சின்னக் கீற்றுகள். ரவைக்குள் உப்புக்கல் கலந்த மாதிரி. "பாய், உங்க கேமரா மூச்ச வுட்டுடுச்சு" என்றேன். அவர் என் கேமராவின் திரையைக் காட்டினார். அதிலும் புள்ளிகள். வெள்ளை மட்டும் இல்லை, கறுப்பும். பாய் இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார்.

"புதுசுக்கு ரெண்டு கலர்ல வருது போலக்கீது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஆசை ஆசையாக வாங்கிய கேமரா அது. மறுபடி எடுத்தேன், மறுபடி எடுத்தேன். குறையவில்லை. அவர் சென்ஸார் என்றார், நான் சூடு என்றேன், அவர் கார்டு என்றார். இரண்டு பேரும் மாறி மாறி முறைத்துக்கொண்டோம். தேசம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே எங்களைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, புருசன் பொண்டாட்டி கணக்கா சண்ட வலிச்சிக்கினு கீறீங்க. நாஷ்டாவாவது துன்னீங்களா இல்லியா? நைனா, நீயாவது வா, கொஞ்சம் கொழம்பு சோறு துன்னு."

பாய் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தகரச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. நான் மட்டும் அந்தக் கறுப்புப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். கறுப்பு எங்கிருந்து வந்தது?

கவனமாகக் கேளுங்கள். என் கேமராவில் ஒரு வசதி உண்டு, உங்கள் கேமராவிலும் இருக்கும். நீண்ட நேரம் திறந்து வைத்துப் படமெடுத்தால், முடிந்ததும் அது ஷட்டரை மூடிக்கொண்டு, அதே நேர அளவுக்கு ஓர் இருட்டுப் படத்தைத் தானாகவே எடுக்கும். இருட்டுப் படத்தில் தெரிகிற புள்ளியெல்லாம் கேமராவின் சொந்த அழுக்கு என்று எடுத்துக்கொண்டு, முதல் படத்திலிருந்து அதைக் கழித்துவிடும். கழித்த இடம் கறுப்பாக நிற்கிறது என்றால், ஷட்டர் மூடியிருந்த நேரத்திலும் புள்ளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவும் முதல் படத்தில் விழாத வேறு இடத்தில். கேமராவின் சொந்த அழுக்கு இடம் மாறாது, அதன் இடத்திலேயேதான் இருக்கும்.

நான் லென்ஸ் மூடியை எடுத்துப் போட்டேன். பாய் கேமராவுக்கும் போட்டேன். இரண்டிலும் எடுத்தேன்.

இரண்டிலும் புள்ளிகள்.

"பாய், இங்க வாங்க."

"சோறு துன்னுக்கினு கீறேம்மா."

"கைய கழுவாதீங்க, அப்படியே வாங்க."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார். லென்ஸைத் தொட்டுப் பார்த்தார்.

"மூடி போட்டுக்கீது?"

"போட்டுத்தான் கீது."

அவர் மூடியோடு தன் கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே கேட் வரைக்கும் போனார். அங்கே நின்று ஒரு படம் எடுத்தார், திரும்பி வந்தார். அவர் கேமராவில் நிரந்தரமாகச் சில புள்ளிகள் உண்டு. மச்சம் மாதிரி, எது எந்த மூலையில் என்று அவருக்கு மனப்பாடம். கேட்டருகே எடுத்ததில் அந்த மச்சங்கள் மட்டும் இருந்தன. ஷெட்டுக்குள் வந்து எடுத்தால் மறுபடி உப்புக்கல்.

"ஃபிலிமு" என்றார்.

உங்களுக்குத் தெரியாது. ஃபிலிம் காலத்தில் எக்ஸ்ரே பார்ட்டி வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், ஃபிலிம் ரோல்களை வாரிக்கொண்டு கேட்டுக்கு ஓடுவோம். எக்ஸ்ரே பட்டால் ஃபிலிம் புகைந்துபோகும். செக்யூரிட்டி அறையில் ஃபிலிமைப் பத்திரமாக வைத்துவிட்டு, திரும்பி வந்து வேலை பார்ப்போம். டிஜிட்டல் வந்த பிறகு ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று, பழக்கம் விட்டுப்போயிற்று. அத்தனை வருடமும் நாங்கள் ஃபிலிமுக்குத்தான் பயந்தோம். எங்களுக்கென்று ஒரு நாளும் பயந்ததில்லை. அந்த நிமிடம் வரைக்கும் இது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் அந்த மிளகு பெட்டிக்குள் திரும்பவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ திறந்து கிடக்கிறது. தகரத்தைத் தாண்டி, தொட்டியின் இரும்பைத் தாண்டி, கேமராவின் மூடியைத் தாண்டி வருகிறது என்றால், என்னையும் தாண்டித்தானே போகிறது. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தேசம்மா தட்டை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் கையில் அத்தாட்சி என்று என்ன இருந்தது? நாலு புள்ளி. நாங்கள் என்ஜினியர் இல்லை, படம் எடுக்க வந்தவர்கள். சொன்னது தப்பாகப் போனால் அந்தக் கம்பெனி மட்டும் இல்லை, அந்தப் பேட்டையிலேயே யாரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். இதையெல்லாம் நான் நின்று யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். ஒரே நொடியில் மண்டைக்குள் ஓடியது. பாய் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"தப்பா இருந்தா சிரிப்பாங்க. சிரிச்சிக்கினு போவட்டும்" என்றார்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி யாரைக் கிளப்புவது? கேஸ் லீக் என்று கத்தினால் கிளம்புவார்கள். வாயைத் திறந்துவிட்டேன். பாய் சாப்பாட்டுக் கையாலேயே என் முழங்கையைப் பிடித்தார்.

"கேஸுன்னு சொன்னா எங்க ஓடுவாங்க?"

எதிரே பச்சைப் பலகை. ஆபத்து நேரத்தில் எல்லாரும் கூட வேண்டிய இடம் என்று அம்பு போட்டிருந்தது. அம்பு காட்டியது தகரச் சுவருக்கு அந்தப் பக்கத்து முற்றத்தை. வாரம் தவறாமல் பழக்கி வைத்திருக்கிறார்கள். கத்தியிருந்தால் அத்தனை பேரும் நேராக அங்கே போய் வரிசையில் நின்றிருப்பார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது ரசூல் பாய் செய்ததை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். சட்டையில் கையைத் துடைத்தார். கல்யாண வீட்டில் மாமன் மச்சானையெல்லாம் மேடைக்கு ஏற்றுகிற அந்தக் குரலை எடுத்தார்.

"யம்மா, அல்லாரும் எந்திரிங்க. கம்பெனில பெரிசா மாட்டப் போறாங்களாம், குரூப் போட்டோ. கேட்டாண்ட வாங்க. தட்டெல்லாம் அப்பறம் கழுவிக்கலாம்."

"இப்பவா நைனா? மூஞ்செல்லாம் பெயிண்ட்டு" என்றாள் தேசம்மா.

"பெயிண்ட்டோட நின்னாத்தாம்மா வேல செய்ற ஜனம்னு தெரியும். வெயில் போய்க்கினு கீது, வாங்க."

உச்சி வெயில். அது எங்கே போகும்? ஆனால் வந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி பொட்டைச் சரிசெய்துகொண்டு, ஷெட்டின் மற்ற மூலைகளில் இருந்த ஆண்களையும் கூப்பிட்டுக்கொண்டு, தாங்களாகவே வேகமாக நடந்தார்கள். நான் கடைசியில் வந்தேன், ஷெட்டில் யாரும் மிச்சம் இல்லை என்று பார்த்துக்கொண்டு.

கேட்டருகே ஷிஃப்ட் இன்சார்ஜ் வாசுதேவன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். நல்ல மனிதர், அன்றைக்கு ஒரு லோடு அனுப்ப வேண்டிய அவசரத்தில் இருந்தார்.

"மேடம், யாரைக் கேட்டு எல்லாரையும் இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

நான் கேமராத் திரையைக் காட்டி, மூடி போட்டு எடுத்த படம் என்றேன். அவர் பார்த்தார். "எக்ஸ்ரே காலையிலயே முடிஞ்சுபோச்சே. கயிறுகூட எடுத்துட்டாங்க. உங்க கேமரா ரிப்பேரா இருக்கும்."

"ஒண்ணு ரிப்பேர்னா சரி சார். ரெண்டுமா? ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க. நான் சொல்றது தப்புன்னா இனிமே இந்த கேட்டுக்குள்ள வர மாட்டேன்."

சலிப்போடுதான் போட்டார், ஸ்பீக்கரில். எக்ஸ்ரே ஆபரேட்டர் ஏதோ சாப்பாட்டுக் கடையில் இருந்தான்.

"அதெல்லாம் உள்ள இழுத்தாச்சு சார். கைப்புடி முழுசா சுத்திட்டேன்."

"மீட்டர் வச்சுப் பாத்தியா?"

பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"மீட்டரு வண்டியிலயே கீது சார்" என்றான். பிறகு, "வந்துக்கினே கீறேன் சார். யாரையும் அந்தாண்ட வுடாதீங்க சார்" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் வாசுதேவனின் முகம் மாறிவிட்டது.

பாய் இதற்குள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிட்டார். குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால் என்று மாற்றி மாற்றி நிறுத்திக்கொண்டே இருந்தார். நேரத்தைக் கடத்துகிறார் என்று எனக்குத் தெரியும். தேசம்மா திடீரென்று வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"இரு நைனா. எங்க வூட்டுக்காரு அந்தாண்ட முத்தத்துல படுத்துக்கினு கீறாரு. இட்டாறேன்."

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"வுடுக்கா. அவரு இல்லாத போட்டோவா? ஒரே ஓட்டமா போய் இட்டாந்துடறேன்."

"போவாத தேசம்மா. அங்க எக்ஸ்ரே தொறந்து கெடக்குது."

"தொறந்து கெடந்தா இன்னா? அதுவும் போட்டோதான புடிக்குது?"

என்ன சொல்வேன் அவளுக்கு? "உடம்ப எரிச்சுடும்மா. கண்ணுக்குத் தெரியாத நெருப்பு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். மெதுவாகத்தான் அது அவளுக்குள் இறங்கியது. இறங்கியதும் என் பிடியை உதறிக்கொண்டு ஓடப் பார்த்தாள். இன்னும் இரண்டு பெண்கள் வந்து பிடித்தார்கள். அவள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கணவன் பெயரை வாய் திறந்து சொல்லாதவள்.

"ஃபோன் போடுங்க" என்றார் வாசுதேவன்.

"அவரு ஃபோனு லாக்கர்ல கீது. நீங்கதான எட்த்துக்கினு போவக் கூடாதுன்னீங்க" என்றாள் தேசம்மா.

யார் போய்க் கூப்பிடுவது? போகிறவனும் அந்தக் கதிருக்குள்தானே போக வேண்டும். வாசுதேவன் எமர்ஜென்சி சைரன் பொத்தானைப் பார்த்தார், பிறகு கேட்டருகே இருந்த இன்னொரு பச்சைப் பலகையைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். அப்போது தேசம்மாதான் சொன்னாள். அழுகைக்கு நடுவில், கோபமாக.

"நான் கத்தினா அந்தாளு எந்திரிக்க மாட்டான் சார். சாப்பாட்டுச் சங்கு ஊதுங்க. அதுக்குத்தான் எந்திரிப்பான்."

சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் நேரம் இருந்தது. வாசுதேவன் ஊதினார். சங்கு நீளமாக அலறியது. நாங்கள் எல்லாரும் ஷெட்டின் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் வரவில்லை. மறுபடி ஊதினார். தேசம்மா என் தோளில் நகத்தைப் பதித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எல்லையா வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஃபிட்டிங் ஷெட்டைப் பார்த்து நடந்தவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பினார்.

"இன்னா சார், அதுக்குள்ள ஊதிட்டீங்க. கண்ணு அசரல, அதுக்குள்ள பேஜாரு பண்றீங்க" என்றார்.

தேசம்மா அவரை மாரில் இரண்டு அடி அடித்தாள். அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். பாய், "போய் நில்லுப்பா, குரூப் போட்டோ" என்று வரிசையில் தள்ளினார். அப்போது அவருக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, படத்தை எடுத்துவிட்டார். எல்லையா தலையை வாரிக்கொள்ள நேரம் கேட்டு, வலது கையை உயர்த்தி, "இரு பாய், இரு பாய்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஷட்டர் விழுந்தது.

எக்ஸ்ரே ஆபரேட்டர் பைக்கில் வந்து இறங்கினான். பைக் பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு ஷெட்டின் மூலை வரைக்கும் போனான். அங்கேயே நின்றான். பின்பக்கமாகவே நடந்து திரும்பி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. கேட்டருகே தரையில் உட்கார்ந்துவிட்டான். கைப்பிடி முழுதாகச் சுற்றியது உண்மைதான். உள்ளே கம்பியின் கொக்கி கழன்றுபோயிருந்தது. வெறும் கம்பி பெட்டிக்குள் திரும்பியிருக்கிறது, மிளகு ஓஸின் முனையிலேயே தங்கிவிட்டது.

பிறகு பெரிய வட்டமாகக் கயிறு கட்டி, ஆட்கள் வந்து, ஈயக் கவசத்தோடு அதை எடுத்து அடைத்தது எல்லாம் அவர்கள் வேலை, அதைச் சொல்லி உங்களைச் சலிப்பாக்க மாட்டேன். நான் சொல்ல வேண்டியது அதற்கு முன்னால் நடந்தது. ஆபரேட்டர் தரையில் உட்கார்ந்தபடியே எல்லையாவைப் பார்த்து, எங்கே படுத்திருந்தாய் என்று கேட்டான்.

"கொழாய் நெழல்லதாம்பா. ஓஸ் மாறி ஒண்ணு குறுக்கால கெடந்துச்சு. அது முனை கொழாய்ல சிக்கிக்கினு வரவே மாட்டேன்னுச்சு. புடிச்சு இழுத்து, தகரத்தாண்ட தூக்கிப் போட்டுட்டு துண்ட விரிச்சேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது, முதல் படம் சுத்தமாக வந்து இரண்டாவதிலிருந்து உப்புக்கல் விழுந்தது ஏன் என்று.

ஆபரேட்டர் எழுந்து எல்லையாவின் அருகில் வந்தான். "எந்தக் கையால புடிச்ச?" என்றான்.

எல்லையா இதென்ன கேள்வி என்பது போல எங்களைப் பார்த்துவிட்டு, வலது கையை நீட்டினார்.

"சோத்தாங்கையாலதான்."

எல்லாரும் அந்தக் கையையே பார்த்தோம். அந்தக் கையில் ஒன்றுமே இல்லை. ஒரு சிவப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை, கொஞ்சம் கிரீஸ் மட்டும் இருந்தது. ஆபரேட்டர் மட்டும் அதைப் பார்க்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டான்.

எங்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கும் பாய்க்கும் பெயிண்ட் அடிக்கிற பெண்களுக்கும் பயமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஓஸைத் தூக்கி எறியாமல் பக்கத்திலேயே படுத்திருந்தால் எல்லையா பிழைத்திருக்க மாட்டார் என்று மட்டும் சொன்னார்கள்.

பிள்ளைகளே, எந்தக் கேமரா நல்லது என்று இனி என்னைக் கேட்காதீர்கள். ஒரு கேமரா கோளாறு சொன்னால் கேமராவைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கேமராக்கள் ஒரே கோளாறைச் சொன்னால், திரையை விட்டுத் தலையைத் தூக்கி எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். பாயும் நானும் அதற்குப் பிறகு நாய்ஸ் சண்டையே போட்டதில்லை. யாராவது ஆரம்பித்தால் பாய் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

கொஞ்ச நாள் கழித்து எல்லையாவின் கை சிவந்தது. பிறகு கொப்பளித்தது. பிறகு அது நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தார். கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் போயின.

வீட்டுக்கு வந்த பிறகு நானும் பாயும் பார்க்கப் போனோம். எல்லையா இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பழக்கமில்லாமல் பாதி தட்டில் சிந்தியது. எங்களைப் பார்த்ததும் கட்டுப் போட்ட கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். தேசம்மா எங்களை வாசல்வரை வழியனுப்ப வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு எட்த்த போட்டோ வச்சிக்கினு கீறியா?"

அந்தப் படத்தை நானும் பாயும் திறந்தே பார்த்ததில்லை. "அது எதுக்கு தேசம்மா? அந்த நாள நெனப்பு வச்சிக்கணுமா? வேற நல்ல படமா எடுத்துத் தரோம்" என்றேன்.

"வேற வாணாங்கா. அதுதான் வோணும். பெரிசா போட்டுக் குடு" என்றாள். "அதுலதான் அவருக்கு அஞ்சு வெரலும் கீது."